பெரிய பிலிமில் ஒரு வயல்

திருப்பூர் நெருப்பெரிச்சலில் ஒரு பிரிண்டிங் பட்டறையில் எட்டு வருடம் பிராசஸ் கேமரா ஓட்டினேன். ஆள் உயரக் கேமரா. சுவரில் ஓட்டை போட்டு அதைப் பொருத்தியிருந்தார்கள். முன்பாதி வெளியே இருக்கும், பின்பாதி இருட்டறைக்குள் இருக்கும். வெளியே பலகையில் பனியன் லேபிள், பெட்டி மூடி, சைஸ் சீட்டு என்று எதையாவது ஒட்டி விளக்கைப் போடுவார்கள். உள்ளே நான் அதைப் பிலிமில் பிடிப்பேன். காலை ஒன்பதுக்கு உள்ளே போனால் சிவப்பு விளக்குதான். சாப்பாட்டுக்கு வெளியே வந்தால் வெயில் கண்ணைக் குத்தும். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் உள்ளே போவேன்.

அந்த வேலை பிடிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். வெளியே வர வேண்டும் என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய கேமராவை எடுத்துக்கொண்டு சைக்கிளில் போவேன். சின்னப் பிலிம் போடுகிற முப்பத்தைந்து எம்.எம். கேமரா. ஸ்டுடியோக்காரர்கள் கல்யாணத்துக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு கல்யாணம் போனேன். ஆளைச் சிரிக்கச் சொல்ல வேண்டும், முகத்தைத் திருப்பச் சொல்ல வேண்டும். எனக்கு வாயில் வரவில்லை. அதனால் காடு மேடு எடுத்தேன். அவற்றிடம் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு ஆவணி மாதம், ஒரு பனியன் கம்பெனிக்காரர் பட்டறைக்கு வந்தார். வருடா வருடம் எங்களிடம் காலண்டர் அடிப்பவர். பிறந்தது கொமரலிங்கம். எங்கள் முதலாளி எப்போதும்போல் ஆல்பத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தார். அவர் அதைத் திறக்கவில்லை.

"ஏப்பா, வருசா வருசம் பனி மலையும் மர ஊடுமே போடறோம். அந்த ஊட்டுல ஆரு குடியிருக்கறான்னு எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. இந்த வருசம் எங்கூரு வயலப் போடுவோம். அமராவதித் தண்ணி, நெல்லு, பின்னால மல. மூணும் ஒரே படத்துல வரோணும்."

"அதுக்கென்னுங்ணா, கோயமுத்தூர்ல ஒரு போட்டோக்காரர் இருக்கறாரு. வரச் சொல்றேன்" என்றார் முதலாளி.

நான் கழுவின பிலிமை மேசையில் வைக்க வந்தவன், அங்கேயே நின்றேன்.

"நான் எடுக்கறேனுங்க."

முதலாளி திரும்பிப் பார்த்தார். கேட்காமல் நான் பேசி அவர் பார்த்ததில்லை.

"இவனுக்குப் பேச்செல்லாம் வருமாப்பா?" என்றார் கம்பெனிக்காரர். "அஞ்சு வருசமா வந்துட்டிருக்கறேன், நான் இவன ஊமைன்னே நெனச்சுட்டிருந்தேன்."

அடுத்த ஞாயிறு கொமரலிங்கம் போய் என் கேமராவிலேயே ஒன்று எடுத்து வந்தேன். கழுவி வந்ததும் அதைக் காலண்டர் அளவுக்குப் பெரிதாக்கிச் சுவரில் காட்டினேன். முதலாளி கிட்டே போய்ப் பார்த்தார்.

"இது நெல்லாப்பா? ரவையக் கொட்டி வெச்ச மாதிரி இருக்குது."

இருந்தது. தபால் தலையை வேட்டி அளவுக்கு இழுத்தால் அப்படித்தான் இருக்கும். படத்தில் குறை இல்லை, பிலிம் சின்னது.

முதலாளி திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"பெரிய பிலிம் கேமரா ஒண்ணு பாரு. பட்டறை வாங்கும். படம் சரியா வந்துச்சுன்னா கேமரா இங்கயே இருக்கட்டும், இனி வெளி வேலை உன்னுது. உள்ள வேற ஆளப் போட்டுக்கறேன். வர்லீன்னா கேமரா திரும்பப் போயிரும், நான் கோயமுத்தூர்க்காரனக் கூப்புட்டுக்கறேன். அப்பறம் வெளிய வரேன்னு எங்கிட்டப் பேசக் கூடாது. செரியா?"

"செரிங்க."

கோயம்புத்தூரில் பழைய கேமரா வாங்கி விற்கிற ஒருவர் இருந்தார். மாடியில் கடை. என்னத்துக்கு என்று கேட்டார். வயலுக்கு என்றேன். மூன்று கேமராவை எடுத்துக் கண்ணாடி மேசை மேல் வைத்தார்.

முதலாவது, மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ் வைத்த பெட்டி. மேல் லென்ஸில் பார்க்கிறோம், கீழ் லென்ஸ் படம் பிடிக்கிறது. ரோல் பிலிம் போட வேண்டும். ஒரு ரோலில் பன்னிரண்டு படம், ஒவ்வொன்றும் சதுரம், இரண்டேகால் அங்குலம். கழுத்தில் மாட்டிக்கொண்டு குனிந்து பார்க்க வேண்டும். வலம் இடமாகவும் இடம் வலமாகவும் தெரிந்தது. எடை இல்லை. சைக்கிளில் போகிறவனுக்கு நல்லது.

இரண்டாவதும் ரோல் கேமராதான். என்னுடைய சின்னக் கேமராவை நாலு பங்கு ஊதிப் பெருக்கின மாதிரி இருந்தது. நேராகப் பார்க்கலாம். படமும் சதுரத்தைவிடப் பெரிது. கையில் வாங்கினேன், இரும்புத் துண்டு கனம். அமுக்கினால் உள்ளே கண்ணாடி எழும்பிக் கதவைச் சாத்தின மாதிரி சத்தம் கேட்டது. அந்த அதிர்ச்சியே மெதுவாக எடுக்கிற படத்தைக் கெடுக்கும் என்று அவரே சொன்னார்.

மூன்றாவது மரம். மடக்கி வைத்த சின்னப் பெட்டி. பிரித்தால் நடுவில் துருத்தி, முன்னால் லென்ஸ், பின்னால் சொரசொரப்பான கண்ணாடி. ரோல் கிடையாது. நாலுக்கு ஐந்து அங்குலத்தில் ஒவ்வொரு ஷீட்டாகப் போட வேண்டும். மூன்று கால் ஸ்டாண்டில் நிறுத்தித்தான் எடுக்க முடியும். தலையில் கறுப்புத் துணி போட்டுப் பார்க்க வேண்டும்.

"வயலுக்குன்னா முதல்ல வெச்சதே போதுமுங்க. இந்த மரக் கேமராவ வாங்கிட்டுப் போன மூணு பேரும் திருப்பிக் கொண்டாந்துட்டாங்க" என்றார் கடைக்காரர்.

"ஏனுங்க?"

"பொறுமை பத்தலீங்க. ஒரு படத்துக்குக் கால் மணி நேரம் ஆவும். அதுக்குள்ள மேகம் போயிருது, இல்லாட்டி குறுக்க ஆடு வந்துருது."

துணியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே தெரு தலைகீழாக இருந்தது. பஸ் மேலே ஓடியது. எட்டு வருடமாக அப்படித்தான் பார்க்கிறேன். வேறு யாருக்கும் கண் பழக ஒரு மாதம் ஆகியிருக்கும்.

ஆனால் அதற்காக நான் அதை எடுக்கவில்லை. கடைக்காரர் லென்ஸ் பலகையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்துக் காட்டினார். அதுவரை ஜன்னல் கட்டை தெளிந்தால் தூரத்துத் தண்ணீர்த் தொட்டி மங்கியது, தொட்டி தெளிந்தால் கட்டை மங்கியது. சாய்த்ததும் இரண்டும் ஒன்றாகத் தெளிந்தன. எங்கள் பிராசஸ் கேமராவில் அது கிடையாது. அங்கே எல்லாமே தட்டையான பலகை மேல் இருக்கும். வயல் தட்டை இல்லை. காலடியில் கதிர் இருக்கும், மலை பத்து மைல் தள்ளி இருக்கும். ரோல் கேமராக்களின் லென்ஸ் அசையாது. துவாரத்தைச் சின்னதாக்கி ஓரளவு சமாளிக்கலாம். முழுதாக முடியாது.

"இதுங்க" என்றேன்.

"பொண்ணு பாத்த மாதிரி ஒரே பார்வைல முடிச்சுட்டீங்க. அப்பறம் திருப்பிக் கொண்டாந்து நிக்கக் கூடாது."

பிலிம் ஷீட் வைக்கிற மூன்று சட்டம் கொடுத்தார். ஒன்றில் முன்னும் பின்னுமாக இரண்டு ஷீட். ஆக ஆறு படம். ஆறு முடிந்தால் இருட்டில்தான் மாற்ற வேண்டும். வெளியூரில் இருட்டுக்கு எங்கே போவது? அதற்கு ஒரு பை உண்டு. உள்ளே பிலிமைப் போட்டு மூடி, இரண்டு பக்கமும் கையை விட்டுத் தடவித் தடவி மாற்றுவது. அந்தப் பை அவரிடம் இல்லை.

"தெச்சுக்குங்க. கறுப்புத் துணி, ரெட்டையா, கெட்டியா. கை விட ரெண்டு சட்டைக் கை வெச்சுருங்க. ஒரு பொட்டு வெளிச்சங்கூட உள்ள போகக் கூடாது."

"நான் திருப்பூருங்க" என்றேன்.

என் மனைவி அப்போது ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். விஷயத்தைச் சொன்னேன். மறுநாளே எக்ஸ்போர்ட்டில் கழித்துப் போட்ட கறுப்பு இன்டர்லாக் துணி வாங்கி வந்தாள். அது பின்னல் துணியிலேயே கெட்டி. எங்கள் ஊரில் துணியின் கெட்டியை எடை வைத்துத்தான் சொல்வோம். ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்று கேட்போம், ஜிஎஸ்எம் என்போம். அது இருநூற்று நாற்பது. அதை இரட்டையாக வைத்துத் தைத்தாள். கை நுழைக்கிற இடத்தில் கையைக் கவ்வுகிற ரிப் பட்டி வைத்தாள். பையின் வாயை இரண்டு தடவை மடித்துத் தைத்தாள். ஒரு நூல் பிசிறு இல்லை. வெளிநாட்டுக்குப் பெட்டியில் போட்டு அனுப்பலாம்.

தலையை உள்ளே விட்டுப் பார்க்கச் சொன்னாள். விட்டேன். மேலே டியூப் லைட் எரிந்தது.

"தெரியுதுங்களா?"

"இல்ல."

"எப்பிடித் தெரியும்? எரநூத்தி நாப்பது, அதும் டபுள். சூரியனே வந்தாலும் கேட்டுல டோக்கன் வாங்கிட்டுத்தான் உள்ள வரோணும்."

புரட்டாசிக் கடைசியில் போனேன். மலைக் கணவாய் வழியாக அடிக்கிற காற்று அடங்கியிருந்தது. அந்தக் காற்று அடிக்கும் மாதங்களில் அந்தப் பக்கம் கதிர் ஒரு நொடி நிற்காது. இந்தக் கேமராவுக்குக் கால் நொடி வேண்டும்.

கம்பெனிக்காரர் சொல்லி வைத்திருந்தார். வயல்காரர் வாய்க்கால் மேட்டில் நின்றார். ஐம்பது வயது இருக்கும். நான் ஸ்டாண்டின் காலை நட்டு, கேமராவைப் பிரித்து, தலையில் துணியைப் போட்டதும் அருகே வந்தார்.

"ஏனுங்க, காலங்காத்தால முக்காடு போட்டுட்டீங்க. ஆரு செத்தது?"

"ஒருத்தரும் சாகலீங்க. பாக்கறீங்ளா?"

துணிக்குள் தலையை விட்டார். நெடுநேரம் வெளியே எடுக்கவில்லை.

"நெல்லு வானத்துல மொளச்சிருக்குது. ஆறு மேல ஓடுது. இத மாட்டுனா மாடு தண்ணி குடிக்க மரத்துல ஏறோணும்."

"படத்துல நேரா வந்துருமுங்க."

"வந்தாச் சரி. இன்னும் பத்து நாள்தான் நிக்கும், பாத்துக்குங்க."

வயல் நன்றாக இருந்தது. அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. கதிர் பழுத்துச் சாய்ந்திருந்தது. இடப்பக்கம் ஆறு வளைந்து போனது. பின்னால் மலை. லென்ஸ் பலகையைச் சாய்த்தேன். துணியில் தையல் எண்ணுகிற சின்னப் பூதக்கண்ணாடியைச் சொரசொரப்புக் கண்ணாடி மேல் வைத்துப் பார்த்தேன். முன்னால் கதிரின் சுணை தெரிந்தது. அதே நேரத்தில் மலையின் மடிப்பும் தெரிந்தது. ஆறு ஷீட்டையும் பத்து மணிக்குள் எடுத்துவிட்டேன்.

பெட்டியில் இன்னும் நான்கு ஷீட் இருந்தது. சாயங்கால வெளிச்சத்துக்கு அவற்றையும் எடுக்கலாம் என்று நினைத்தேன். உச்சி வேளையில் ஒரு புளிய மரத்தடியில் உட்கார்ந்தேன். நிழல் சல்லடையாக விழுந்தது. சட்டத்தையும் பெட்டியையும் பைக்குள் போட்டு மூடினேன். கையை விட்டு எடுத்த ஆறை வெளியே உருவி, புது நான்கை உள்ளே சொருகினேன். ஷீட்டின் மூலையில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். விரலால் அதைத் தடவித்தான் எது முன்பக்கம் என்று கண்டுபிடிக்க வேண்டும். வியர்வையில் விரல் வழுக்கியது. கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது.

"உள்ள என்னுங்க, கோழி அமுக்கறீங்ளா?" என்றார் வயல்காரர்.

சாயங்காலம் நான்கும் எடுத்தேன். பத்து ஷீட்டையும் மெட்ராஸ் லேபுக்குப் பார்சல் போட்டேன். கலர் ஷீட் கழுவ அப்போது பக்கத்தில் ஆள் இல்லை.

ஒன்பதாம் நாள் திரும்பி வந்தது. வீட்டில் வைத்துப் பிரித்தேன். ஒவ்வொன்றாக விளக்கில் தூக்கிப் பார்த்தேன். பத்தும் போயிருந்தது. மலை இருக்க வேண்டிய இடம் பிளீச்சில் விழுந்த துணி மாதிரி வெளுத்திருந்தது. வேண்டாத வெளிச்சம் பட்டால் அந்தப் பிலிம் அப்படித்தான் வெளுக்கும். சிலதில் பாதி, சிலதில் முழுதும். வெளுப்பு ஒரே சீராக இல்லை. புள்ளி புள்ளியாக, வரிசை வரிசையாக இருந்தது.

மனைவி என் கையிலிருந்து ஒன்றை வாங்கினாள். சாய்த்துப் பார்த்தாள்.

"இது இன்டர்லாக்குங்க" என்றாள்.

போய்ப் பையை எடுத்து வந்தாள். முழங்காலில் மாட்டி இழுத்து விளக்குக்கு நேரே பிடித்தாள். பின்னல் கண் திறந்தது. ஒவ்வொரு கண்ணிலும் ஊசி முனை அளவு வெளிச்சம். அதே வரிசை.

நெய்த துணியாக இருந்தால் இழுத்தாலும் அப்படித் திறக்காது. பின்னல் திறக்கும். கை உள்ளே போனதும் முழங்கை முட்டி இழுத்திருக்கிறது, சட்டத்தின் மூலை குத்தி இழுத்திருக்கிறது. இது எனக்குத் தெரியாததல்ல. திருப்பூரில் துணி வாங்குகிற யாரும் முதலில் இரண்டு கையால் இழுத்து வெளிச்சத்தில் பார்ப்பார்கள். நாங்கள் இரண்டு பேரும் எடையைப் பார்த்தோம், தையலைப் பார்த்தோம், இழுத்துப் பார்க்கவில்லை. வேறு ஊர்க்காரனாக இருந்தால் கோட்டுத் துணியோ குடைத் துணியோ வாங்கியிருப்பான். எங்களுக்குத் துணி என்றால் கை பின்னலுக்குத்தான் போகிறது.

அவள் அன்று சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன்.

காலையில் முதலாளியிடம் பத்தையும் காட்டினேன். அவர் திட்டவில்லை.

"கம்பெனிக்காரர் பத்து நாள்தான் குடுத்திருக்கறாரு. இன்னொருக்கா போ. அதோட செரி. ஆனா இது வேண்டாம், நீ சொன்னியே, அந்த ரோல் கேமராவ மாத்திட்டு வந்துரு. அதுக்குப் பையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

"தப்பு கேமராவுதில்லீங்க. பையிது."

"பை ஆரு தெச்சது?"

"நானுங்க."

அவர் என் கையைப் பார்த்தார். ஊசியில் நூல் கோக்கத் தெரியாத கை என்று அவருக்குத் தெரியும். "உன் இஷ்டம்" என்று பத்து ஷீட்டையும் என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

ரோல் கேமராவை நினைக்காமல் இல்லை. பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் அதைத்தான் நினைத்தேன். ரோல் தன் காகிதத்தையே சுற்றிக்கொண்டு வெளிச்சத்தைத் தடுத்துக்கொள்ளும். பன்னிரண்டு படத்தில் பத்து போனாலும் இரண்டு மிஞ்சும். இப்போது யாராவது கேட்டால் நான் அதையே சொல்வேன். மலை ஏறுகிறவனும், மேகத்தைத் துரத்துகிறவனும், தனியாகப் போகிறவனும் ரோல் கேமரா வாங்க வேண்டும். படம் புத்தக அளவுக்கு மேல் போகாது என்றால் ஷீட் கேமரா வீண் சுமை. ஒரே இடத்தில் நின்று, ஒரே படத்தை எடுத்து, அதைச் சுவர் அளவுக்குக் காட்ட வேண்டும் என்பவனுக்குத்தான் பெரியது. என் வேலை அப்போது அந்த ஒரே படமாக இருந்தது. அதனால் மாற்றவில்லை.

இந்தத் தடவை ஆறே ஷீட் என்று முடிவு செய்தேன். பட்டறை இருட்டறையில் சிவப்பு விளக்கையும் அணைத்துவிட்டு மூன்று சட்டத்திலும் போட்டேன். அங்கேயே வந்துதான் பிரிப்பேன்.

மனைவி அதற்குள் புதிதாக ஒரு பை தைத்திருந்தாள். குடைத் துணி உள்ளே, கெட்டியான நெசவுத் துணி வெளியே. அதை என் துணிப்பைக்குள் வைத்தாள். நான் எடுத்து வெளியே வைத்தேன்.

"ஏனுங்க, என் மேல நம்பிக்கை இல்லீங்ளா?"

"ஆறு போதும்."

"இழுத்துப் பாத்துட்டேனுங்க. நாலு பக்கமும்."

"ஆறுக்கு மேல எடுக்கப் போறதில்ல. பை எதுக்கு?"

"அப்ப கேமரா மேல போட்டுட்டுப் போங்க. தூசியாச்சும் அடையாம இருக்கும்."

போட்டுக்கொண்டு போனேன்.

முதல் பஸ்ஸில் போய் ஏழரைக்கு இறங்கினேன். வாய்க்கால் மேட்டில் ஏறியதும் பார்த்தேன். வலப்பக்கம் பாதி வயல் அறுத்துக் கிடந்தது. ஏழெட்டுப் பெண்கள் குனிந்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். வயல்காரர் கட்டுத் தூக்குகிறவர்களை விரட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வந்தார்.

"கோவிச்சுக்காதீங்க. ஆளு கெடச்சுது, விட முடியுங்ளா? இருக்கற சனமெல்லாம் உங்கூருக்குப் பனியன் தெக்கப் போயிருச்சு. இன்னிக்கு விட்டா இவுங்களும் தீவாளி கழிஞ்சுதான் வருவாங்க."

"எப்ப முடியுமுங்க?"

"மத்தியானத்துக்குள்ள மிச்சமும் படுத்துரும்."

வேறு வயலைத் தேடலாம். ஆறும் மலையும் அந்த வளைவில்தான் சேர்ந்து தெரிந்தது. நான் இடத்தை மாற்றவில்லை. காலை நட்டேன். படத்தில் இடப்பக்கம் கதிர், நடுவில் வரப்பு மாதிரி ஒரு கோடு, வலப்பக்கம் அறுத்த தாள் கட்டை. அந்தக் கோட்டில் பெண்கள். கேமராவைத் திருப்பி அவர்களை விட்டுவிட்டால் மலையின் ஒரு பக்கம் வெட்டுப்பட்டது. அவர்களையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

கால் நொடிக்கு அவர்கள் அசைந்தால் புகையாக விழுவார்கள். நிற்கச் சொல்லலாம். சொல்லவில்லை. கட்டுக் கட்ட நிமிரும் நேரத்துக்குக் காத்திருந்தேன். அவர்களில் ஒரு அம்மாள் அரிவாளை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஏனுங் முக்காடு, நாங்களும் காலண்டர்ல வருவமுங்ளா?"

வயல்காரர் முந்திக்கொண்டார். "நீ அறு. காலண்டர்ல வந்துட்டா அடுத்த வருசம் கூலிய ஏத்திக் கேப்பே."

"வராட்டியும் கேப்பமுங்க" என்றாள் அவள். எல்லாரும் நின்று சிரித்தார்கள். நான் அப்போது ஒன்று அமுக்கினேன்.

ஒன்பதரைக்குள் ஆறும் முடிந்தது. மூன்று சட்டத்தையும் டவலில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பட்டறை இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்தித்தான் திறந்தேன்.

இந்தத் தடவை மெட்ராஸ் லேபிலிருந்து ஆறு நாளில் வந்தது. இரண்டு ஷீட்டில் வெளிச்சம் போதவில்லை. நான்கு சுத்தமாக இருந்தது. அவற்றில் ஒன்று, அவர்கள் சிரித்தபோது எடுத்தது, மற்ற மூன்றைவிட நன்றாக இருந்தது. கதிரின் சுணை, ஆற்று நீர், மலை மடிப்பு, எல்லாம் ஊசி மாதிரி.

மறுநாள் கம்பெனிக்காரர் வந்தார். பட்டறையில் கீழிருந்து விளக்கு எரிகிற கண்ணாடி மேசை ஒன்று உண்டு. அதன் மேல் அந்த ஷீட்டை வைத்தேன். குனிந்து பார்த்தார். முதலாளி அவர் முகத்தைப் பார்த்தார். நான் ஷீட்டைப் பார்த்தேன்.

"மலை நல்லாருக்குது. தண்ணி நல்லாருக்குது. ஏப்பா, வயல அறுத்துப் போட்டிருக்குதே."

"போன அன்னிக்கு அறுவடைங்க" என்றேன்.

"அதுக்காக? அறுத்த வயல வருசம் பூராக் கடைல மாட்டறதா? பொங்கலுக்குக் குடுக்கற காலண்டர். வாங்கறவன் பாத்தவொடனே என்ன நெனப்பான்? இவங் கதை முடிஞ்சுது, அறுத்து எடுத்துட்டாங்கன்னு நெனப்பான். வேண்டாம். அந்தப் பனி மலையவே போட்டுரு."

முதலாளி என்னைப் பார்க்கவில்லை. ஆல்பத்தை எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பினார்.

எங்கள் வேலையில் தினமும் செய்கிற காரியம் ஒன்று உண்டு. லேபிள் பிலிமில் வேண்டாத ஓரத்தைக் கறுப்புக் காகிதம் வைத்து மறைப்போம். யோசித்துச் செய்ததாகச் சொல்ல மாட்டேன். கை போனது. இரண்டு கறுப்புக் காகிதத்தை எடுத்து ஷீட்டின் வலப்பக்கம் வைத்தேன். ஐந்து அங்குல அகலத்தில் இரண்டு அங்குலம் மறைந்தது. தாள் கட்டை போனது. பெண்கள் போனார்கள். ஒருத்தியின் முழங்கை மட்டும் ஓரத்தில் மிஞ்சியது. காகிதத்தை ஒரு நூல் தள்ளினேன். அதுவும் போனது.

மிஞ்சினது மூன்றுக்கு நாலு. நிமிர்ந்த படம். காலடியில் கதிர், ஆறு வளைகிற இடம், மேலே மலை.

"இப்பப் பாருங்க" என்றேன்.

கம்பெனிக்காரர் மறுபடியும் குனிந்தார்.

"இத்துனூண்டு போதுமாப்பா? முன்ன ரவை மாதிரி ஆச்சே" என்றார் முதலாளி.

"அந்தச் சதுரக் கேமராவுல முழுசா எடுத்தாலும் இதுல பாதிதானுங்க வரும். காலண்டருக்குத் தாராளம்."

கம்பெனிக்காரர் காகிதத்தைத் தூக்கி அடியில் இருந்ததைப் பார்த்தார். மறுபடி வைத்தார். மூன்று தடவை அப்படிச் செய்தார்.

"வெட்டுனதே தெரியாது?"

"தெரியாதுங்க."

"செரி. இதுதான்" என்றார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். பனியன் கம்பெனியில் சாம்பிள் பீஸ் சரி என்றால் அதன் மேலேயே கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதிவிடுவார்கள். அப்புறம் அதை யாரும் மாற்ற முடியாது. அந்தப் பழக்கத்தில் பேனா முனை நேராக மலையை நோக்கி இறங்கியது. நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். வயதில் பெரியவர், பெரிய கம்பெனிக்காரர். அப்படிப் பிடிக்கக் கூடாது.

"பிலிம்ல வேண்டாமுங்க. காயிதத்துல போடுங்க."

என் கையைப் பார்த்தார். விட்டேன். கறுப்புக் காகிதத்தின் மேலேயே அழுத்திக் கையெழுத்துப் போட்டார். கறுப்பில் நீலம், சாய்த்தால்தான் தெரியும். சரியாக அறுத்த பக்கத்தின் மேல் இருந்தது.

அவர் போன பிறகு முதலாளி ஆல்பத்தை அலமாரியில் வைத்தார்.

"கேமரா இருக்கட்டும். உள்ளுக்கு ஒரு ஆளப் பாக்கறேன். அது வரைக்கும் நீயே பாத்துக்க."

உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். நாலு லேபிள் பாக்கி இருந்தது. ஆள் கிடைக்கத் தை மாதம் ஆகிவிட்டது. பிறகு வெளியே வந்தேன்.